பேப்பர் கேசவன் சொன்ன கருத்து

பள்ளிப்பட்டிலிருந்து காலை பஸ் வந்தால்தான், ஆந்திர எல்லையைத் தாண்டியிருக்கிற பாலசமுத்திரத்தில் கேசவனுக்குப் பொழுது விடியும். ஊரில் தெலுங்குப் பேப்பர் வாங்குகிறவர்கள் உண்டு. அதெல்லாம் சித்தூர்ப் பக்கமிருந்து இருட்டிலேயே வந்து டீக்கடையில் நாலு கை மாறிக் கசங்கிப் போயிருக்கும். தமிழில் வருகிற வியாபாரப் பேப்பர், அதுவும் தினசரி, ஊர் முழுக்க ஒரே ஒருத்தருக்குத்தான். பள்ளிப்பட்டு ஏஜென்ட் ஜெபகுமார் அதைச் சுருட்டி ரப்பர் போட்டுக் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவான். பால் சொசைட்டி முனையில் பஸ் திரும்பும்போது கண்டக்டர் வீசுவார், கேசவன் பிடிப்பார். பிடி தவறிச் சாணியில் விழுந்த நாளும் உண்டு. துடைத்துவிட்டுப் படிப்பாரே தவிர, படிக்காமல் விட்டது கிடையாது.

தனக்குள்ளேயே படித்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பால் வண்டி வருகிற வரைக்கும் சொசைட்டி வாசலில் ஒரு கூட்டம் கேனை வைத்துக்கொண்டு நிற்கும். எல்லாரும் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. கேசவன் மட்டும் தாய்மாமன் வீட்டில் தங்கிப் பள்ளிப்பட்டில் பத்தாவது வரை தமிழில் படித்தவர். அதனால் அவர் படிப்பதும் மற்றவர்கள் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. தங்கம், டாலர், கடலை எண்ணெய், பங்கு மார்க்கெட் எல்லாம் பால் வாசனையோடு காதில் விழும். பாதி யாருக்கும் புரியாது. கேசவன் சும்மா விடமாட்டார், விளக்கம் சொல்வார். பேப்பரில் 'உயரக்கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது' என்று இருந்தால் அவர் வாயில் அது 'ஏறப் போவுது பாரு' என்று வரும். கூடும், வாய்ப்புள்ளது, தெரிகிறது என்று அச்சில் இழுத்து இழுத்துச் சொல்லியிருப்பதெல்லாம் அவருக்குப் பயந்தவன் பேச்சாகத் தெரியும்.

"அப்டியா போட்டுக்கிறான்?" என்று யாராவது கேட்டால், "பின்ன நானா அச்சடிக்கிறேன்?" என்பார்.

ஒரு வருஷம் கடலையை உடனே விற்காதீர்கள் என்றார். விலை ஏறியது. அதற்கப்புறம் அவர் பேர் பேப்பர் கேசவன் ஆகிவிட்டது. போன வருஷம் அந்தப் பேப்பரின் ஆண்டு மலரில் வாசகர் கருத்து என்று ஒரு பக்கம் போட்டார்கள். ஜெபகுமார் போட்டோ எடுத்து அனுப்பி வைத்ததில் கேசவன் முகமும் வந்தது. 'விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவில் உள்ள இருட்டைப் போக்கும் விளக்கு இது' என்று கீழே நாலு வரி. அதைச் சித்தூருக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டு வந்து, கூடத்தில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"பக்கத்துல ஒரு ஊதுவத்தியும் வச்சிடு. வர்றவங்க எப்ப செத்தாருன்னு கேப்பாங்க" என்றாள் மனைவி வசந்தா.

சிரித்தார். அவருக்கு அந்தப் படத்தின்மேல் அத்தனை ஆசை.

இந்த வருஷம் பங்குனியில் தோப்பு வியாபாரி எத்திராஜ் வந்தான். மாங்காய் எலுமிச்சை அளவு இருக்கும்போதே வந்து மொத்தத் தோப்பையும் விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுவது அவன் தொழில். அப்புறம் காற்றடித்தாலும் கல்மழை பெய்தாலும் அவன் பாடு. கேசவனுக்கும் அவர் தங்கை கன்னியம்மாள் புருஷன் பழனிக்கும் அடுத்தடுத்த தோப்பு. இரண்டும் மாங்கூழ் ஃபேக்டரிக்குக் காய் போகிற பெங்களூரா மரங்கள். எத்திராஜ் சொன்ன விலை குறைச்சல்தான். பழனி அதற்கே தலையாட்டுகிற மாதிரி இருந்தான். அவன் மகள் பிரித்திகா திருப்பதியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் முடிந்து, ரெண்டாம் வருஷம் காலேஜ் திறக்கும் முன்னே பணம் கட்டியாக வேண்டும்.

கேசவன்தான் குறுக்கே விழுந்தார்.

"மாப்ள, அவசரப்படாத. மாங்கூழு வெளிநாட்டுக்கு எத்தினி போவப் போவுதுன்னு போட்டுக்கிறான், நேத்துதான் படிச்சேன். இவனுக்கு குட்த்தா இவன் துன்னுவான். நாமளே ஃபேக்டரிக்கு ஓட்டலாம்."

"நெஜமாத்தான் சொல்றியா மச்சான்? எனக்கு வேற வழி கெடையாது. இந்தக் காயிதான் பொண்ணு படிப்பு."

"நான் இருக்கறேன் இல்ல?"

எத்திராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவனொன்றும் ஜோசியக்காரன் இல்லை. மற்றவர்கள் தோப்பை எடுத்து அந்த வருஷம் அவனும் கையைச் சுட்டுக்கொண்டான். ஆனால் அவனிடம் கொடுத்தவர்கள் வீட்டில் முன்பணம் வந்து சேர்ந்திருந்தது. அதுதான் வித்தியாசம்.

வைகாசி பிறந்ததும் அதே பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக இன்னொரு செய்தி வந்தது. போன வருஷத்துக் கூழே கிடங்குகளில் விற்காமல் இருக்கிறது, ஃபேக்டரிகள் கொள்முதலைக் குறைக்கலாம் என்று. கேசவன் அன்றைக்கு அதைப் படித்தார், மறைக்கவில்லை. ஆனால் படித்துவிட்டு விளக்கம் சொன்னார்: "குறைக்கலாம்னுதான் போட்டுக்கிறான். குறைக்க மாட்டான். பயமுறுத்தி வைக்கிறது இது." முதல் செய்தியில் 'கூடும்' என்பதை விழுங்கினவர், இரண்டாவதில் 'லாம்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனசு எதை விரும்புகிறதோ கண் அதையே படிக்கும் போலிருக்கிறது. வேறென்ன செய்திருக்க முடியும், எத்திராஜ் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது.

ஆனி மாசத்து வெயிலில் சித்தூர் ரோட்டில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஃபேக்டரி கேட்டிலிருந்து பாலம் வரைக்கும், பாலத்தைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும். கேசவனும் பழனியும் ஒரே வாடகை டிராக்டரில் பழனி தோப்புக் காயை ஏற்றிவந்து மூன்றாம் நாளாக நின்றிருந்தார்கள். கேசவன் தோப்புக் காய் இன்னும் மரத்தடியில் குவிந்து கிடந்தது. முதலில் மாப்பிள்ளையுடையது உள்ளே போகட்டும் என்று அவர்தான் சொன்னார். அதையாவது செய்யவேண்டும் என்று இருந்தது.

பெங்களூரா காய் பறித்த பிறகு காத்திருக்காது. டிரெய்லரின் அடியில் இருந்தது சூடேறிப் பழுத்து, நசுங்கி, பலகை இடுக்கு வழியாகச் சாறு ஒழுகியது. ஈ மொய்த்தது. முதல் நாள் இனிப்பாக இருந்த வாசனை மூன்றாம் நாள் புளித்துப்போய் மூக்கை அறுத்தது. பழனி பொழுதன்னைக்கும் மேலே ஏறி உட்கார்ந்து, கெட்டதைப் பொறுக்கிக் கீழே எறிந்துகொண்டே இருந்தான். எறிந்ததை ஒரு மாடு வந்து முகர்ந்துவிட்டு வேண்டாமென்று போனது.

மத்தியானம் பிரித்திகா பஸ்ஸில் சாப்பாடு கொண்டு வந்தாள். கேழ்வரகுக் களி, கடலைச் சட்னி, வெங்காயம். இரண்டு பேரும் டிராக்டர் நிழலில் குந்திக்கொண்டு தின்றார்கள். அந்தப் பெண் ரோட்டோரமாகவே வரிசையைப் பார்த்தபடி நடந்துபோய்க் கேட்டில் தெலுங்கில் விசாரித்துவிட்டு வந்தாள்.

"இன்னா சொல்றான்?" என்றான் பழனி.

"ரேப்பு ச்சூத்தாமு அன்றான் நைனா. நாளைக்குப் பாக்கலாமாம்."

"நேத்தும் இதேதான் சொன்னான்."

"லோபல எடமே இல்லியாம், உள்ள ரொம்பிக் கெடக்குதாம். மெஷின ரெண்டு நாளு நிறுத்தி வச்சிக்கிறாங்களாம்."

"அதெல்லாம் எட்துக்குவான்" என்றார் கேசவன். "ஃபேக்டரிய கட்டி வச்சிக்கினு காய எடுக்காம இன்னா பண்ணுவான்?"

பிரித்திகா மாமனைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அவர்மேல் அப்படியொரு நம்பிக்கை. சின்னதில் சொசைட்டி வாசலில் அவர் மடியில் உட்கார்ந்து பேப்பர் கேட்டவள். நர்சிங் சேரும்போது வீட்டில் எல்லாரும் தயங்க, படிக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவர்தான். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். வெயில் தார் ரோட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேசவன் போன் அடித்தது.

"வணக்கம் சார், கேசவன் சார்ங்களா? சென்னை ஆபீஸ்லருந்து கௌசிகா பேசறேன் சார். நம்ம பத்திரிகைக்கு ஆண்டு மலர் வருது. போன வருஷம் நீங்க சொன்ன கருத்து எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது சார். இந்த வருஷமும் ஒரு நாலு வரி சொல்ல முடியுமா? சந்தா புதுப்பிக்கிற மத்தவங்களுக்கும் உதவியா இருக்கும்."

மூன்று நாளாக அவரை யாரும் சார் என்று கூப்பிடவில்லை. கேட் வாட்ச்மேன் போடா வாடா என்று சொல்லாத குறை. கேசவன் எழுந்து நின்றார். எதற்கென்று அவருக்கே தெரியாது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பேச்சும் தானாக மாறியது.

"சொல்றேன் மேடம். எழுதிக்கோங்க. நான் ஒரு மா விவசாயி. ஆண்டுக்கணக்காக இந்த நாளிதழின் சந்தாதாரர். விலை நிலவரத்தை முன்கூட்டியே அறிந்து முடிவெடுக்க இது எனக்குப் பேருதவியாக உள்ளது."

"சூப்பர் சார். உங்களுக்கு மட்டும்தானா, இல்ல குடும்பத்துல, சொந்தக்காரங்களுக்கும் பயன்பட்டுருக்கா சார்? அந்த மாதிரி ஒரு வரி இருந்தா நல்லா இருக்கும்."

கேசவன் திரும்பிப் பார்த்தார். பழனி டிரெய்லர்மேல் குனிந்திருந்தான். கையில் முழங்கை வரைக்கும் மஞ்சள் சாறு. 'ஒரு நிமிஷம் மேடம், அப்புறம் பேசறேன்' என்று வைத்திருக்கலாம். இல்லை, நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் தப்பாக ஒன்றும் நினைத்திருக்காது. ஆனால் எத்தனையோ காலம் ஒரே வழியில் ஓடின வாய் அது.

"ஆமாம் மேடம். நான் படித்துச் சொல்வதைக் கேட்டு என் உறவினர்களும் பயனடைந்துள்ளனர்."

"ரொம்ப நன்றி சார். பழைய போட்டோவே இருக்கு, அதையே போட்டுக்கறோம்."

போனைப் பையில் வைத்ததும் அவருக்குக் காது சூடாகிவிட்டது. பழனி கீழே இறங்கி வந்தான். கையைத் துண்டில் துடைத்தான், துடைக்கத் துடைக்கப் பிசுக்கு போகவில்லை.

"நல்லா பேசன மச்சான்" என்றான்.

"மாப்ள, அது வந்து... அந்தப் பொண்ணு திடீர்னு கேட்டுச்சி."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"பேப்பரு மேல தப்பு கெடையாது மாப்ள. அது ரெண்டையுந்தான் சொல்லிச்சி. ஏறலாம்னும் சொல்லிச்சி, எடுக்க மாட்டாங்கன்னும் சொல்லிச்சி. அத்தொட்டுதான் நான்..."

"பேப்பர நான் எங்க மச்சான் கண்டேன்? எனக்குத் தமிழு எய்த்தே தெரியாது." பழனி குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நான் கேட்டது உன் வாய. பேப்பர்ல இன்னா இருந்ததோ, அது உனுக்கும் பேப்பருக்கும். எனுக்கு நீதான் பேப்பரு."

பழனி புளியமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலை கேட்டில் பலகை தொங்கியது. மறு அறிவிப்பு வரும் வரை காய் எடுப்பதில்லை என்று தெலுங்கில் எழுதியிருந்தது. அதைப் பழனிதான் படித்தான். வரிசையில் ஒருத்தன் வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்தான், நாலு பேர் விலக்கினார்கள். அப்புறம் ஒவ்வொரு டிராக்டராகத் திரும்பியது. பாலத்துக்குக் கீழே காய்ந்து கிடந்த ஓடையில்தான் எல்லாரும் கொட்டினார்கள். இவர்கள் போவதற்குள் அங்கே ஒரு மேடே எழும்பியிருந்தது.

பழனி டிரெய்லரைப் பின்னால் விட்டு நிறுத்தி, பின்பலகையைத் தட்டிவிட்டான். மேலே இருந்தது தானாகச் சரிந்தது. அடியில் கூழாகிப் போனது ஒட்டிக்கொண்டு வரவில்லை. கேசவன் மண்வெட்டியை எடுத்து வாரித் தள்ளினார். வாரும்போதே அழுதார். அழுகிறார் என்று பழனிக்குத் தெரியும். அவன் இன்னொரு மண்வெட்டியை எடுத்து மறுபக்கத்திலிருந்து வாரினான். ஃபேக்டரிக்குள்ளே போயிருந்தால் பிரித்திகாவுக்கு நர்சின் வெள்ளை உடுப்பாக ஆகியிருக்க வேண்டியது, ஓடையில் ஈக்குப் போயிற்று.

வீட்டில் கன்னியம்மாள் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கைய கழுவிக்கினு வாண்ணா, துன்னு" என்று கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பார். திட்டாததால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

வசந்தாவும் கூட வந்திருந்தாள். "என் செயினு பேங்குல கீது, இல்லன்னா இன்னிக்கே கயட்டிக் குடுத்திருப்பேன் கன்னிம்மா" என்றாள்.

"எனுக்குத் தெரியாதா அண்ணி. உங்க காயும்தான போச்சி."

பிரித்திகா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள். முன்னமே யோசித்து வைத்திருந்தாள் போல. "காலேஜில பேசிட்டேன் மா. ஒரு வருஷம் நின்னுட்டு வந்தா சேத்துக்குவாங்களானு கேட்டேன். அப்டி ரூல் இல்லியாம். ஸ்ரீசிட்டில செல்போன் கம்பெனிக்கு எடுக்கறாங்க. என் கூட இன்டர் படிச்சவ அங்கதான் கீறா. சத்தியவேட்டுல ஹாஸ்டலாம். வேன் இங்கயே வந்து ஏத்திக்கினு போவும்."

"ஊசி போட்ற கைய வச்சிக்கினு அங்க இன்னா பண்ணுவ?" என்றார் கேசவன்.

"ஸ்க்ரூ போடறதாம் மாமா."

அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் வசந்தா சொன்னாள்: "அந்தப் பேப்பர நிறுத்திடு."

"நிறுத்தணும்."

"நிறுத்தணும்னு சொல்ற. நிறுத்துனு நான் சொல்றேன்."

அன்று சாயந்திரமே ஜெபகுமாருக்குப் போன் போட்டார். சந்தா வேண்டாம் என்றார். மாசக் கடைசி வரைக்கும் வருமே அண்ணா என்றான் அவன். அந்தக் கருத்தையும் போடவேண்டாம் என்று ஆபீசுக்குச் சொல்லிவிடு என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. உள்ளே ஏதோ ஒரு மூலையில், அந்தப் போட்டோ வரட்டும் என்றும் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இருந்தது. அதை நினைத்து நினைத்து அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

அதன்பிறகு சொசைட்டி வாசலில் அவர் படிக்கவில்லை, படி என்று யாரும் கேட்கவுமில்லை. பேப்பர் ரப்பர் கழற்றாமல் வீட்டுப் பரணில் சேர்ந்தது.

பிரித்திகா கிளம்பின அன்று காலையில் சொசைட்டி முனையில்தான் வேனுக்குக் காத்திருந்தார்கள். ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, புளிச்சோறு கட்டின தூக்கு. கன்னியம்மாள் மகள் தலையைத் திரும்பத் திரும்ப வாரிவிட்டாள். பழனி கொஞ்சம் தள்ளி நின்றான். ஓடையில் கொட்டின நாளிலிருந்து அவன் மச்சானோடு அளவாகத்தான் பேசினான். வா என்றான், போ என்றான், அவ்வளவுதான். பால்காரர்கள் கேனோடு நின்றார்கள்.

பள்ளிப்பட்டு பஸ் முதலில் வந்தது. கண்டக்டர் ஆண்டு மலரோடு வந்த பேப்பரை வீசாமல், பஸ்ஸை நிறுத்திக் கையிலேயே கொடுத்தார்.

"உன் போட்டோ வந்துக்குது, பாத்தியா? இந்த வாட்டி பெருசா போட்டுக்கிறான். ஊருக்கெல்லாம் காட்டு" என்று சிரித்துவிட்டு விசில் ஊதினார்.

கேசவன் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிரித்திகா விடவில்லை.

"எங்க மாமா, குடு பாக்கலாம்." பிரித்துப் பார்த்தாள். "ஐ, நல்லா கீற மாமா இதுல. கீழ இன்னா எய்திக்கிறாங்க?"

"ஒண்ணும் இல்ல. சும்மா."

"எனுக்குத்தான் தமிழு வராதே. படிச்சிக் காட்டு மாமா. வேன் வர்ற வரைக்கும். அங்க போய்ட்டா யாரு எனுக்குப் பேப்பர் படிப்பாங்க?"

பால்காரர்கள் பழக்கத்தில் கிட்ட வந்தார்கள். கேசவன் பழனியைப் பார்த்தார். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறெதையாவது படித்திருக்கலாம். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் அங்கே எவனுக்கும் தெரியப்போவதில்லை. அதில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் அன்றைக்கு அது வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சில் இருந்ததை, ஓர் எழுத்துக் கூட்டாமல், ஓர் எழுத்து விழுங்காமல் படித்தார்.

"நான் ஒரு மா விவசாயி. ஆண்டுக்கணக்காக இந்த நாளிதழின் சந்தாதாரர். விலை நிலவரத்தை முன்கூட்டியே அறிந்து முடிவெடுக்க இது எனக்குப் பேருதவியாக உள்ளது. நான் படித்துச் சொல்வதைக் கேட்டு, என் உறவினர்களும் பயனடைந்துள்ளனர். கேசவன், பாலசமுத்திரம்."

பால்காரர்களில் ஒருத்தர் கேன் மூடியைத் திறந்து திரும்ப மூடினார்.

பிரித்திகாவுக்கு அந்தத் தமிழ் முழுசாகப் புரிந்ததோ இல்லையோ. "பயனடைந்துள்ளனர்னா?" என்றாள்.

கேசவன் வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்ன மனிதருக்கு அன்றைக்கு ஒரு விளக்கமும் வரவில்லை.

"நல்லது நடந்துச்சின்னு அர்த்தம்" என்றான் பழனி, ரோட்டைப் பார்த்தபடியே. "வேன் வந்துக்கினு கீது. பொட்டிய எடு."

அவள் ஏறினாள். உள்ளே ஏற்கனவே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அந்தப் பேப்பர எனுக்குக் குடு மாமா. ஹாஸ்டல்ல எல்லாருக்கும் காட்டறேன், எங்க மாமான்னு" என்றாள்.

கேசவன் கொடுத்தார்.